பெயர் அட்டையில் ஒட்டிய நிற வட்டங்கள்

வாசகர் கேள்வி, ஜனவரி 9

வவுனியாவில் இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன். பணியாளர்கள் 14 பேர். கைப் பற்றுச்சீட்டை விட்டுக் கணினிக்கு மாறப் போகிறோம். போன வாரம் கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் எல்லோரிடமும் 16 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 5 பேர் கண்ணால் கற்பவர்கள், 2 பேர் காதால், 3 பேர் வாசித்து எழுதி, 4 பேர் கையால் செய்து கற்பவர்கள் என்று முடிவு வந்தது. அவரவர் பாணியில் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தால் பாதி நாளில் முடித்துவிடலாம் என்கிறார். நான்கு திட்டம் போட எனக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. செய்யாமல் விட்டால் நாளைக்குப் பிழை என் தலையில் விழுமோ என்றும் யோசனையாக இருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

செய்து பார்த்தவள் நான். செய்யாதீர்கள் தம்பி.

2022இல், ஏ9 வீதியோரம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தேன். இன்றும் அதே வேலைதான். அப்போது எங்களுக்கும் இதே படிவம் வந்தது. கிளிநொச்சி நகரத்துப் புத்தகக் கடையில் விலை ஒட்டும் சிறு வட்டங்கள் நான்கு நிறத்தில் வாங்கி, ஒவ்வொரு பிள்ளையின் பெயர் அட்டையிலும் ஒன்று ஒட்டினேன். கண்ணுக்கு நீலம், காதுக்கு மஞ்சள், வாசிப்புக்குப் பச்சை, கைக்குச் சிவப்பு. நீலத்துக்கு வீடியோ. மஞ்சளுக்கு என் தொண்டை. பச்சைக்கு அச்சடித்த தாள். சிவப்பு நேரே மெசினுக்கு. பார்க்க அவ்வளவு அழகு. முகாமையாளர் வெளியிலிருந்து வந்தவர்களை அழைத்துவந்து காட்டினார்.

ஓவர்லொக் மெசின் வரைக்கும்தான் அந்த அழகு. மீதியை நாளை எழுதுகிறேன், மின்சாரம் நின்றுவிட்டது.

ஜனவரி 10

ஓவர்லொக்கில் நூல் கோர்ப்பதைத் தெரியாதவர்களுக்காக: துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் மெசின் அது. ஊசி நூலோடு, மேலே ஒன்று கீழே ஒன்றாக லூப்பர் என்ற இரண்டு வளைந்த கொக்கிகளுக்கும் நூல் போக வேண்டும். முதலில் மேல் லூப்பர், பிறகு கீழ் லூப்பர், கடைசியில் ஊசி. அவசரத்தில் ஊசியை முதலில் கோர்த்தால் அந்த நூல் கீழ் லூப்பரில் சிக்கி, ஓட்டத் தொடங்கியதும் அறுந்துவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் நாளாந்தம் யாரும் முதலிலிருந்து கோர்ப்பதில்லை. பழைய நூலின் நுனியில் புதியதை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவார்கள். அதனால் புதுப் பிள்ளைக்கு நூல் போகும் வழியே பல நாள் தெரியாமல் இருக்கும். திடீரென்று நடுவில் அறுந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

என் நான்கு நிறங்களுக்கும் நடந்தது அதுதான். வீடியோ பார்த்த நீலங்கள் தலையாட்டின. மஞ்சள்களுக்கு நான் அரை மணி நேரம் 'இடப்பக்கத்துக் கொக்கி, அதற்குப் பின்னால் உள்ள ஓட்டை' என்று கதை சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிட முட்டாள்தனமாக நான் பேசியதில்லை. பச்சைகள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தன. முதல் நூல் அறுந்ததும் நான்கு நிறமும் ஒரே மெசினைச் சுற்றி நின்றன. தெரிந்த ஒருத்தி செய்வதைப் பார்த்தார்கள், ஏன் அந்த வரிசை என்று கேட்டார்கள், இடுக்கியை வாங்கித் தாங்களே கோர்த்தார்கள். பதினைந்து நிமிட வேலை.

நூல் போகும் வழியைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். ஊசி ஏன் கடைசி என்பதை யாராவது வாயால் சொல்ல வேண்டும். இடுக்கி நுனியில் நூல் வழுக்குவது கைக்கு மட்டும் தெரியும். ஒரு வேலைக்குள்ளேயே மூன்றும் கிடக்கின்றன. நான் அவற்றைப் பிரித்து மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஜனவரி 10, பிற்பகல்

'அப்படியென்றால் நேரே மெசினுக்குப் போன சிவப்பு வட்டக்காரர்கள்தானே முந்தியிருப்பார்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. முதல் நாள் அதிகம் ஊசி உடைத்தது அவர்கள்தான்.

ஜனவரி 11

'படிவமே மோசடியா?' என்று கேட்பவர்களுக்கு. அப்படிச் சொல்ல மாட்டேன். கண், காது, வாசிப்பு, செய்கை என்ற அந்த நான்கு பிரிவையும் பரப்பியவர் நியூசிலாந்துக்காரரான நீல் ஃபிளெமிங். பாடசாலைப் பரிசோதகராக இருந்தவர். மிக நல்ல ஆசிரியர்களிடம்கூடச் சில பிள்ளைகள் ஏன் கற்பதில்லை, சுமாரான ஆசிரியர்களிடம் சிலர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. நம் ஊரில் எந்த அதிபரைக் கேட்டாலும் இதே கேள்வி வரும். 1992இல் கொலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது இன்னொரு அளவுகோல் இல்லை, தன்னைத் தானே யோசித்துப் பார்க்க ஒரு தூண்டுதல் என்ற பொருளில்தான் இருந்தது. ஒருவருக்கு எது பிடிக்கும் என்று படிவம் கேட்கிறது. பிடித்த வழியில் கொடுத்தால் அதிகம் கற்பார் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வால்.

அந்த வாலைத்தான் ஆட்கள் பிடித்துப் பார்த்தார்கள். 2004இல் பிரித்தானியாவில் ஃபிராங்க் கொஃபீல்டும் கூட்டாளிகளும் எண்ணியபோது, கற்றல் பாணி என்ற பெயரில் 71 வெவ்வேறு வகைப்பாடுகள் இருந்தன. 2008இல் அமெரிக்காவில் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூவரும் ஒரு எளிய நிபந்தனையை வைத்தார்கள். கண்காரரில் பாதிப் பேருக்குப் படம், மீதிப் பாதிக்குப் பேச்சு, காதுக்காரருக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. கண்காரர் படத்தாலும் காதுக்காரர் பேச்சாலும் கூடுதலாகப் பெற்றால் மட்டுமே கோட்பாடு நிற்கும். அப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகச் சிலதான் கிடைத்தன. கிடைத்தவற்றிலும் பெரும்பாலானவை கோட்பாட்டுக்குச் சாதகமாக இல்லை.

எனக்குப் பிடித்தது 2018இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் மாணவர்களிடம் செய்தது. அவர்களும் இதே படிவத்தை நிரப்பினார்கள். பெரும்பாலானவர்கள் தங்களுக்கு வந்த பாணியில் படிக்கவே இல்லை. படித்தவர்களும் கூடுதல் புள்ளி எடுக்கவில்லை.

ஜனவரி 11, இரவு

மேலே எழுதியதை வாசித்துவிட்டு எனக்கே ஒன்று உறைத்தது. எங்களுக்குப் பயிற்சி தந்தவர் சிங்களத்தில் பேசினார். மொழிபெயர்க்க வந்த தம்பி மூன்று வாக்கியத்துக்கு ஒன்று சொன்னான். திரையில் ஆங்கிலம். அந்த அறையிலிருந்து வந்து படிவத்தை நிரப்பியவர்களில் பாதிப் பேர் 'செய்து பார்த்தால்தான் விளங்கும்' என்ற விடைக்குப் புள்ளடி போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்?

ஜனவரி 13

இந்தக் குறிப்பை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தடித்தேன். வட்டம் ஒட்டியதில் நேர விரயத்தைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது.

மஞ்சள் வட்டக்காரி ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். தாளைக் கொடுத்தால் பார்க்காமலே பக்கத்தில் வைத்துவிடுவார். 'நீங்கள் சொல்லுங்கள் மிஸ், எனக்குக் கேட்டால் போதும்' என்பார். படிவமும் காது என்றே காட்டியது. நானும் நம்பி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் அவர் ஊசித் துளையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சைப் பிடித்தபடி நூலைக் குத்திக்கொண்டிருந்தார். என் அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போது அதே மாதிரித்தான் தலையைச் சாய்ப்பார். வெள்ளெழுத்து! வேறொன்றும் இல்லை. கண்ணாடி போட்ட மறுநாள் தாளைத் தானே கேட்டு வாங்கினார். ஆறு கிழமை நான் அவருக்குக் காது வழியாகக் கற்பித்துக்கொண்டிருந்தேன், அவருக்குத் தேவைப்பட்டது கண்ணாடி.

மற்றது சிவப்பு வட்டக்காரி. இருபத்திரண்டு வயது. 'வாசித்தால் மண்டையில் ஏறாது மிஸ், கையில் தாருங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கை வேகம் அபாரம். பயிற்சி முடிந்து லைனுக்குப் போய் மூன்று மாதத்தில் அளவு எண்களைக் குழப்பி ஒரு கட்டு முழுவதும் பிழையாகத் தைத்துவிட்டாள். அளவுச் சீட்டை அவள் வாசிக்கவே இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதுவும் மெதுவாக. 2008இல் தரம் 3இல் இருந்திருக்கிறாள். அந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்ட குடும்பம். பிறகு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது, பிறகு முகாம். 2010இல் திரும்பிவந்து வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைத்தார்கள். இடையில் விட்ட எழுத்தை யாரும் திருப்பிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வன்னியில் அவளுடைய வயதுக்காரர் எத்தனை பேர் இப்படி என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? நானும் அதே வீதியால் போனவள்தானே.

அவளுக்கு நான் கொடுத்தது ஒரு சிவப்பு வட்டம். 'நீ கையால் கற்பவள்' என்று ஒரு நல்ல பெயர். அவளும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள், கேள்வி கேட்க இனி ஆள் இல்லையே.

இப்போது வாசிக்கிறாள். மதிய இடைவேளையில் இருபது நிமிடம், அளவுச் சீட்டிலிருந்தே தொடங்கினோம்.

ஜனவரி 15, பொங்கல்

அம்மாவிடம் அந்த 16 கேள்விகளையும் விளையாட்டாகக் கேட்டேன். வானொலி மரண அறிவித்தலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, இறந்தவரின் மருமக்கள் எந்த ஊரில் கட்டியவர்கள் என்பதுவரை மாலையில் ஒப்புவிப்பவர். ஆகவே காது. கிடுகு பின்னுவதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவர். ஆகவே கண்ணும் கையும். பஞ்சாங்கத்தை எழுத்தெழுத்தாக வாசிப்பவர். ஆகவே பச்சை. கைத்தொலைபேசியை மட்டும் எந்த வழியால் சொன்னாலும் கற்க மாட்டார். அதற்கு என்ன நிறம் ஒட்டுவது?

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது, இதை எழுதிக்கொண்டிருந்ததால்.

ஜனவரி 17

'ஆட்கள் ஒரே மாதிரி இல்லை என்பது அனுபவத்தில் தெரிகிறதே, அதையும் மறுக்கிறீர்களா?' என்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே கேட்டிருக்கிறார். மறுக்கவில்லை. இதற்குப் பதில் சொல்ல என் பழைய வேலைக்குப் போக வேண்டும்.

தொழிற்சாலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். கடைசி இரண்டு வருடம் முகமாலையில். எங்கள் அணியில் பெரும்பாலும் பெண்கள், பலர் வீட்டின் ஒரே உழைப்பாளிகள். அங்கே உனக்கு எந்தப் பாணி பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வழி. பயிற்றுநர் செய்து காட்டுவார், ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்வார். பிறகு நாங்கள் செய்ய வேண்டும், செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: 'கருவியைச் சோதிக்கிறேன். சத்தம் வந்த இடத்தில் அடையாளம் வைக்கிறேன். பின்னால் தள்ளி இருந்து தோண்டத் தொடங்குகிறேன்.' வெடிக்காத மாதிரி வெடிகளைப் புதைத்த பயிற்சிப் பாதையில் தேர்வு. ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன் கருவியைச் சோதனைத் துண்டின் மேல் பிடித்து, அணித் தலைவி கேட்கச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட விடுமுறையில் போய்வந்தால் மறுபடி பயிற்சிப் பாதை. எத்தனை வருட அனுபவம் என்றாலும்.

வித்தியாசம் இல்லாமலா? ஒருத்தி மூன்றாம் நாளே தேறினாள், நான் ஒன்பதாம் நாள். எனக்குத் தந்தது கூடுதல் நாட்கள். படம் வேறு, பேச்சு வேறு என்று எதுவும் மாறவில்லை.

விடுமுறைக்குப் பிறகு ஏன் மறுபடி என்று அப்போது முணுமுணுத்திருக்கிறேன். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்கவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இலேயே எழுதிவைத்துவிட்டார் என்பது மிகப் பிந்தித்தான் தெரியும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்தால் நிற்கும். நீலக் கண்ணுக்கும் மஞ்சள் காதுக்கும் அதுவே.

ஜனவரி 18

இரண்டு திருத்தம்.

ஒன்று. அனுபவத்தால் கற்பது பற்றி டேவிட் கோல்ப் எழுதிய 1984ஆம் ஆண்டு நூலைச் சொல்லி, 'அதையும் குப்பையில் போடுகிறீர்களா' என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது அவரையும் சேர்த்து அடித்த மாதிரி ஒலிக்கிறது. அவரும் ஆட்களை நான்கு வகையாகப் பிரித்தார், அந்தப் பகுதி எனக்கு உதவவில்லை. ஆனால் செய்து பார்த்தல், திரும்பி யோசித்தல், காரணம் பிடித்தல், மறுபடி முயலுதல் என்று அவர் போட்ட சுற்று எந்த மெசினுக்கும் பொருந்துகிறது. ஆளை ஒரு மூலையில் இருத்தாமல் முழுச் சுற்றையும் சுற்றவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு. வட்டங்களால் ஒரு நன்மையும் இல்லை என்ற மாதிரி நான் எழுதியது சரியில்லை. 'உனக்கு எப்படிச் சொன்னால் விளங்கும்?' என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சிலர் அதற்காகவே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படிவம் பிழையான விடையைத் தந்தது, கேள்வியில் குறை சொல்ல மாட்டேன்.

சிரிக்க ஒன்று: வியர்வையில் வட்டங்கள் உரிந்து விழுந்துவிட்டன. தேநீர் இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைப் பொறுக்கி ஒட்டிக்கொண்டார்கள். நீலத்துக்குத்தான் கிராக்கி. மூன்று கிழமை நான் கவனிக்கவே இல்லை. காதுக்காரி வீடியோ பார்த்தாள், வாசிப்புக்காரி மெசினில் இருந்தாள். தேர்ச்சியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. 24 பேரை வைத்து ஆய்வென்று சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்குத்தான் மிச்ச வட்டங்களைக் கிழித்து எறிந்தேன்.

ஜனவரி 20

கடைக்காரத் தம்பிக்கு. 'தத்துவம் போதும், நான் திங்கள் என்ன செய்வது' என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்.

14 பேரையும் நிறமாகப் பிரிக்காமல், முன்பு என்ன தெரியும் என்று பிரியுங்கள். எனக்கு உண்மையில் வேலை செய்த பிரிவினை அது ஒன்றுதான். வீட்டில் பத்து வருடம் கால்மெசினில் தைத்த பெண் எங்கள் மின்மெசினில் உட்கார்ந்தால், பழக்கத்தில் மிதியை அமுக்கிவிடுவாள். துணி பாய்ந்து ஓடிவிடும். அவளுக்கு முதல் பாடம் காலை அடக்குவது. ஒன்றுமே தெரியாமல் வந்தவளுக்கு அந்தப் பாடமே தேவையில்லை, அவளுக்கு ஒவ்வொரு அடியாகக் காட்ட வேண்டும். தெரிந்தவளுக்கும் அப்படி அடியடியாகக் காட்டினால் எரிச்சல் படுவாள், வேகமும் குறையும். கல்வி உளவியலாளர் ஜோன் சுவெல்லரும் கூட்டாளிகளும் இதை ஆய்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கடையில் முப்பது வருடம் நின்ற ஐயா ஒருவர் இருப்பார். அரை இஞ்சிக் குழாயையும் முக்கால் இஞ்சியையும் இருட்டில் தடவிச் சொல்வார், கணினியைக் கண்டால் ஒதுங்குவார். கணினி தெரிந்த பொடியனுக்கு எல்போ எது டீ எது என்று தெரியாது. இரண்டு பேரையும் ஒரே திரைக்கு முன் இருத்துங்கள். சுட்டி ஐயாவின் கையில் இருக்கட்டும், பொடியன் தொடக்கூடாது.

உங்கள் பழைய பற்றுச்சீட்டுக் கட்டிலிருந்து மூன்றை எடுங்கள். காசுக்கு ஆணி வாங்கியது, ஒப்பந்தக்காரர் கடன் கொப்பியில் எழுதச் சொன்னது, அளவு பிழைத்துக் குழாய் திரும்பி வந்தது. இந்த மூன்றையும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செய்து காட்டுங்கள், காரணம் சொல்லுங்கள், அவர்களைச் செய்ய விடுங்கள், செய்துகொண்டே வாயால் சொல்ல விடுங்கள். இது என் கண்டுபிடிப்பில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆலைகளுக்குள் திடீரென்று வந்த புது ஆட்களைப் பழக்க அமெரிக்காவில் போட்ட திட்டம் கிட்டத்தட்ட இப்படித்தான்: ஆயத்தப்படுத்து, காட்டு, செய்யவிடு, பின்தொடர். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டா ஆலைகளிலும் வேரூன்றியது. தொழிலாளி கற்கவில்லையென்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அவர்களுடைய வாசகம். என் முகாமையாளருக்குப் பிடிக்கும், எனக்கு மாத முடிவில் மட்டும் பிடிக்காது.

மறுநாள் காலை கடை திறந்ததும், எதையும் காட்டாமல் 'நேற்றுக் குழாய் திரும்பி வந்தால் என்ன செய்தோம்?' என்று கேளுங்கள். வியாழன் மறுபடி கேளுங்கள்.

திரையில் தமிழ் வருகிறதா? பொருள் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில் இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. எழுத்தைப் பெரிதாக்குங்கள். நாற்பது தாண்டியவர்களிடம் கண்ணாடி இருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், சபையில் வேண்டாம்.

ஜனவரி 27

தம்பி எழுதியிருக்கிறார்: 11 பேர் தாங்களாகப் பற்றுச்சீட்டுப் போடுகிறார்களாம். ஐயா சுட்டியைத் திரும்பத் தர மறுக்கிறாராம். ஒருவர் இன்னும் கடன் கொப்பியில்தான் எழுதுகிறார், இருவர் வேலையை விட்டுவிட்டார்கள், கணினியால் அல்ல, கொழும்பில் கூடிய சம்பளம். நல்லது.

நாளை எனக்குப் புதுப் பிரிவு, எட்டுப் பிள்ளைகள். சேரும் படிவத்தில் கற்றல் பாணி என்றிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, கடைசியாகக் கண் சோதித்தது எப்போது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'பாடசாலையை விட்ட தரம்' என்று இன்னொரு கட்டம் பல வருடமாக அதில் இருக்கிறது. எல்லோரும் சாதாரண தரம் என்றே எழுதுகிறார்கள், எழுதும்போது பக்கத்துத் தாளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அளவுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பதா என்று இன்று முழுவதும் யோசித்தேன். முதல் நாளே அதைச் செய்தால் பிள்ளை மறுநாள் வராமல் விடவும் கூடும். இப்போதைக்குச் சீட்டுகளை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.